ரஹமத்துன்னிசா டீச்சரும் இட்லிக்கடை மோட்டாரும்

ரஹமத்துன்னிசா டீச்சர் ராட்டை முன்னால் உட்கார்ந்து நூல் சுற்ற ஆரம்பித்தால், பெரிய தேர் ஒரு வீதியைக் கடப்பதற்குள் ஒரு புடவைக்கு வேண்டிய நூல் முழுவதையும் சுற்றி முடித்துவிடுவார். சத்தியமாகச் சொன்னால் இதில் கொஞ்சம் ஜாஸ்தி இருக்கிறது. அவர் அப்படிச் சுற்றி முடித்த வருஷம் தேர் திருப்பத்தில் மாட்டிக்கொண்டு அரை நாள் நகரவே இல்லை. புடவையும் புடவையல்ல, ஒரு பாவாடைத் துணி. ஆனால் அவர் விரல்களின் வேகத்திலும், யார் குறுக்கே பேசினாலும் எண்ணிக்கை தப்பாத அவருடைய மூளையிலும் ஒரு சொட்டு மிகை கிடையாது. ஒரு கையால் நூலை எண்ணிக்கொண்டே மறுகையால் பின்பெஞ்சில் பேசும் பெண்ணுக்குக் குட்டு வைக்கத் தெரிந்தவர்.

திருவண்ணாமலையில் பெரிய தெருவுக்குப் பின்னால் இருந்த விசாலாட்சி பெண்கள் பள்ளியில் அவர் நெசவு டீச்சர். பதினாலு வருஷமாக அந்த வேலை. பள்ளியின் கடைசி அறையில் நான்கு தறி, பன்னிரண்டு ராட்டை. வாரத்துக்கு இரண்டு பாடவேளை கைத்தொழில் வகுப்பு. ஒரு பெண் ஆறாம் வகுப்பில் சேர்ந்து நெய்ய ஆரம்பித்த துண்டு, அவள் எட்டாம் வகுப்பு போகும்போது முடியும். முடிந்த துண்டில் ஈரம் ஏறாது. துடைத்தால் தண்ணீர் உடம்பிலிருந்து கீழே வழியும். துண்டு மட்டும் காய்ந்தபடியே இருக்கும்.

"எங்க பள்ளிக்கூடத் துண்ட வெச்சு உங்க குடைக்குத் துணி போட்டா, ஒரு மழைக்கும் ஒழுகாது," என்று அவரே கணவரிடம் சொல்லிச் சிரிப்பார்.

கணவர் அய்யூப்புக்குச் சின்னக்கடைத் தெருவில் குடை ரிப்பேர் கடை. வருஷத்தில் பத்து மாசம் வெயில் கொளுத்தும் ஊரில் குடை ரிப்பேர் செய்து பிழைக்கிறவனுக்கு எவ்வளவு நம்பிக்கை வேண்டும் என்று தெருவே கேலி செய்யும். அய்யூப் கவலைப்பட்டதில்லை. "வெயிலுக்கும் குடைதாண்டா வேணும்," என்பார். கடை அவர் தகப்பனார் வைத்தது. வாடிக்கையும் அந்தத் தெருவோடு ஒட்டியது. அதைத் தூக்கிக்கொண்டு வேறு ஊருக்குப் போக முடியாது.

இதை ஏன் சொல்கிறதென்றால், எழுபத்தெட்டில் வந்த உத்தரவு அந்த இடத்தில்தான் கை வைத்தது.

அந்த வருஷம்தான் பள்ளிகளில் பிளஸ் டூ வந்தது. பதினொன்றும் பன்னிரண்டும் புதிதாகச் சேர்ந்தன. அதில் தொழிற்பிரிவு என்று ஒன்று வைத்தார்கள். ராட்டையும் தறியும் போதும், இனிமேல் பிள்ளைகள் மோட்டாரையும் ரேடியோவையும் கற்றுக்கொள்ளட்டும் என்றது அரசாங்கம். பள்ளிக்கு வந்த தாளில் இரண்டு வரிதான் இருந்தது. வருகிற ஜூனோடு நெசவு வகுப்பு நிற்கும். நெசவு ஆசிரியை உபரி. அவரை ஆம்பூர் பக்கம் ஒரு பள்ளிக்கு மாற்றலாம்.

தலைமையாசிரியை சந்திரம்மாள் அந்தத் தாளைப் படித்துக் காட்டிவிட்டு, டீச்சர் அழுவார் என்று எதிர்பார்த்துக் கைக்குட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார்.

டீச்சர் அழவில்லை. "தறி போறதுல எனக்கு வருத்தம் இல்லீங்கம்மா," என்றார். "அந்தத் துண்டுங்களுக்கு ஒரு முடிவு வந்ததே பெரிய விசயம். நான் ஆம்பூர் போறதுதான் ஆகாது. புள்ளைங்க ரெண்டும் இங்க படிக்குது. அவரு கடைய விட்டுட்டு வரமாட்டாரு. நான் ஒரு ஊரு, அவரு ஒரு ஊருன்னா எப்படிங்க?"

சந்திரம்மாள் கைக்குட்டையை எடுத்து மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். "அப்போ மோட்டார் கத்துக்கறியா?"

"என்னாங்கம்மா?"

"தொழிற்பிரிவுல மோட்டார் ரீவைண்டிங்னு ஒண்ணு போட்டிருக்கான். எரிஞ்சுபோன மோட்டாருக்கு கம்பி சுத்தறது. நீ நூல் சுத்தற. அவன் செம்பு சுத்தறான். எண்ணிச் சுத்தற வேலைதான ரெண்டும்? கத்துக்க. அந்தப் பிரிவை நம்ம பள்ளிக்கு வாங்கிட்டா, சொல்லிக்கொடுக்க நீ இங்கயே இருக்கலாம்."

வேலூரிலிருந்து ஆய்வுக்கு வந்த அதிகாரி ராமகிருஷ்ணனுக்கு இந்த யோசனை பிடிக்கவில்லை. மெலிந்த மனிதர், சட்டைப்பையில் மூன்று பேனா. "பொம்பளப் புள்ளைங்களுக்குத் தையல் இருக்குது, நர்சிங் இருக்குது. மோட்டார் எதுக்கும்மா?" என்றார்.

"உங்க வீட்ல கிரைண்டர் யாரு சார் ஓட்டறாங்க?" என்று கேட்டார் சந்திரம்மாள்.

ராமகிருஷ்ணன் மூன்று பேனாவையும் ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார். கடைசியில் ஒரு வழி சொன்னார். மாசிப் பௌர்ணமிக்கு முந்தின நாள் செவ்வாய்க்கிழமை திரும்ப வருவார். அதற்குள் அந்த நெசவு டீச்சரும் மாணவிகளும் எரிந்துபோன ஒரு மோட்டாருக்குத் தாங்களே கம்பி சுற்றி, அவர் கண் முன்னால் ஓட்டிக் காட்ட வேண்டும். ஓடினால் பிரிவுக்குப் பரிந்துரை எழுதுவார். ஓடாவிட்டால் டீச்சருக்கு ஆம்பூர். நெசவு அறை பழைய சாமான் போட.

திருவண்ணாமலையில் அன்றைக்கு மோட்டார் கட்டத் தெரிந்தவர்களில் கைதேர்ந்தவன் மக்பூல். செங்கம் ரோட்டில் கடை, பின்னால் வீடு. டீச்சரை விடப் பன்னிரண்டு வயசு இளையவன். சொந்தமில்லை என்றாலும், தெருப் பழக்கத்தில் அவரை அக்கா முறை வைத்து 'ஆபா' என்று கூப்பிடுவான்.

"நீங்க மோட்டார் கட்டி என்னா ஆபா பண்ணப்போறீங்க? எனக்குப் போட்டியா கடை போடறீங்களா?"

"கடை போட்டா உன் கடைக்கு எதுத்தாப்பலதான் போடுவேன். முதல்ல சொல்லிக்கொடு."

கடையில் எப்போதும் ஆண்கள் கூட்டம். அதனால் பாடம் வீட்டின் பின்கட்டில் நடந்தது. பள்ளி விட்டதும் டீச்சர் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அங்கே போய் உட்காருவார். மக்பூலின் மனைவி அஸ்மத் டீ கொண்டு வைப்பாள். மோட்டார்க் கூட்டின் உட்புறத்தில் நீள நீளமாய்ப் பள்ளங்கள் இருக்கும். அவற்றுக்குக் காடி என்று பெயர். காடியில் கனமான தாளை மடித்து வைத்து, அதற்குள் செம்புக் கம்பியை ஒவ்வொரு சுற்றாகக் கையால் பதிக்க வேண்டும். இத்தனை சுற்று என்று கணக்கு உண்டு. ஒன்று கூடினாலும் குறைந்தாலும் மோட்டார் சூடாகும். தாள் மடிப்பதை மக்பூலை விட அஸ்மத் நன்றாகச் சொல்லிக் கொடுத்தாள். கடைக்குத் தாள் மடித்துக் கொடுப்பதே அவள்தான் என்பது டீச்சருக்கு அப்போதுதான் தெரிந்தது.

மக்பூல் நல்லவன். ஒரே ஒரு குறை, அவனுக்கு வாயை விடக் கை பழக்கம். ஒருநாள் முதல் காயிலை, அதாவது முதல் கம்பிச்சுருளைப் பொறுமையாகச் சுற்றிக் காட்டினான். அது முடியும்போது முன்பக்கம் யாரோ கத்தினார்கள். "இதே மாதிரி மீதி மூணு, ஆபா," என்று சொல்லிவிட்டு ஓடினான்.

இதே மாதிரி மீதி மூன்று. டீச்சர் நோட்டில் அப்படியே எழுதிக்கொண்டார்.

இனி ஒரு எரிந்த மோட்டார் வேண்டும். அதைக் கொண்டுவந்தவள் வேதா. பத்தாம் வகுப்பு முடித்துவிட்டு அந்தப் பிரிவில் சேர வேண்டும் என்று பெயர் கொடுத்திருந்த ஐந்து பெண்களில் ஒருத்தி. நிஜத்தைச் சொல்லாமல் அடக்கி வைத்தால் வயிறு வலிக்கும் ஜாதி. அவள் அப்பா இருசப்பனுக்கு அடி அண்ணாமலையில், மலை சுற்றுகிற பாதையில் இட்லிக்கடை. கடையின் கிரைண்டர் மோட்டார் எரிந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. இருசப்பன் அதைச் சாக்கில் கட்டி சைக்கிள் கேரியரில் வைத்துக் கொண்டுவந்தார்.

"டீச்சரம்மா, எம்பொண்ணு சொல்றாளேன்னு தர்றேன். பௌர்ணமிக்கு மலை சுத்தற கூட்டம் வரும், அன்னிக்கு எனக்கு மோட்டார் ஓடணும். ஊட்டுக்காரி ஆட்டுக்கல்லுல மாவாட்டி கை வீங்கிப்போயி கெடக்கறா. அவ ஆட்டற ஆட்டுல எனக்குத்தான் திட்டு."

"ஓடும் இருசப்பன். என் வேலையே அதுலதான் மாட்டிக்கிட்டிருக்குது."

"உங்களுக்கு வேலதான் போவும். எனக்குச் சோறே போயிரும்," என்றார் இருசப்பன்.

தறிகளை ஓரமாகத் தள்ளிவிட்டு, மோட்டார்க் கூட்டைப் பலகைமேல் வைத்து, ஆறு பேரும் சுற்றி உட்கார்ந்தார்கள். எரிந்த கம்பியை அறுத்து எடுக்க மூன்று நாள். தாள் மடிக்க இரண்டு நாள். பிறகு கம்பி. ஒருத்தி கம்பியை விட, ஒருத்தி வாங்கிக் காடிக்குள் பதிக்க, டீச்சர் எண்ணினார். பத்துச் சுற்றுக்கு ஒரு புளியங்கொட்டை எடுத்து வைத்தார். செம்பு நூல் மாதிரி நெளியாது, கோபித்துக்கொள்ளும் என்று முதல் நாள் கண்டுகொண்டார்கள். இரண்டாம் நாள் அதன் குணம் பிடிபட்டுவிட்டது.

இரண்டாவது காயிலைத் தொடங்கும்போது டீச்சர் பலகையின் மறுபக்கம் வந்து உட்கார்ந்திருந்தார். கை தன் பாட்டில் இடப்பக்கமாகப் போயிற்று. வேதா நெருப்பை மிதித்தவள்போல் கத்தினாள்.

"டீச்சர், டீச்சர்! இடமா சுத்தறீங்க!"

"அதனால என்னாடி?"

"இடமா சுத்தக்கூடாது டீச்சர். ஆகாது. வலமாத்தான் சுத்தணும்."

மற்ற நான்கு பெண்களும் அதையே சொன்னார்கள். அந்த ஊரில் நடக்கத் தெரிந்த நாளிலிருந்து எல்லோரும் வலப்பக்கம் மலை இருக்கும்படிதான் சுற்றுகிறார்கள். கோயிலைச் சுற்றினாலும் அப்படி, அரசமரத்தைச் சுற்றினாலும் அப்படி. மாவாட்டுகிறவள் குழவியைக்கூட இடமாகத் திருப்பமாட்டாள். டீச்சருக்கும் அந்த ஊர்தான். பதினாலு வருஷ ராட்டையும் ஒரே பக்கம் சுற்றியதுதான். மாற்றிச் சுற்றினால் நூல் முறுக்கு விட்டுப்போகும். போதாததற்கு, 'இதே மாதிரி மீதி மூணு' என்று நோட்டில் வேறு எழுதியிருந்தது. சிரித்துக்கொண்டே இடமாகச் சுற்றிய ஏழு சுற்றையும் அவிழ்த்தார். நான்கையும் வலமாகவே சுற்றி முடித்தார்கள்.

அந்த மோட்டாரில் காயில் இரண்டு வகை. கிளப்பிவிடுவதற்கு நான்கு, தொடர்ந்து ஓட்டுவதற்கு நான்கு. எட்டும் வலம்.

திங்கட்கிழமை மத்தியானம் எல்லாம் தயார். மறுநாள் காலை ராமகிருஷ்ணன் வருகிறார். இருசப்பனும் ஆவலில் வந்து வாசலில் நின்றார். டீச்சர் பிஸ்மில்லா சொல்லி சுவிட்சைப் போட்டார்.

மோட்டார் உறுமியது. வாயில் கொழுக்கட்டையை அடைத்துக்கொண்டு பேச முயல்கிறவன்போல் ம்ம்ம் என்றது. சுற்றவில்லை.

அணைத்துவிட்டு மறுபடி போட்டார். ம்ம்ம்.

"தள்ளி விடுங்க டீச்சரம்மா, எங்கூட்டு மாடும் அப்படித்தான்," என்று சொல்லி, யாரும் தடுப்பதற்குள் இருசப்பன் உள்ளே வந்து ஒரு குச்சியால் அச்சைத் தட்டிவிட்டார். மோட்டார் சோம்பலாகச் சுற்ற ஆரம்பித்தது. செக்கு மாட்டுக்குக்கூட அதைவிடக் கொஞ்சம் வேகம் இருக்கும். சூட்டு வாசனை வந்ததும் டீச்சர் பாய்ந்து அணைத்தார்.

டீச்சர் நோட்டை எடுத்து முதல் பக்கத்திலிருந்து படித்தார். எண்ணிக்கை சரி. தாள் சரி. கம்பி அறுந்திருக்கிறதா என்று பார்த்தார், இல்லை. மக்பூலைக் கூப்பிட ஒருத்தியை ஓடச் சொன்னார். கம்பி வாங்க அவன் காலையிலேயே வேலூர் போய்விட்டான், ராத்திரி கடைசி பஸ்ஸில்தான் வருவான் என்று சேதி வந்தது.

அப்போது டீச்சர் கண்ணுக்கு எதிரே ஆம்பூர் பஸ் நின்றது. பெரிய பை, சின்னப் பை, வாசலில் குடையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற அய்யூப். வெறும் கற்பனைதான், ஆனால் பஸ்ஸின் நம்பர்கூடத் தெரிந்ததாம்.

இயற்பியல் டீச்சர் சந்திரகலா எதற்கோ அந்தப் பக்கம் வந்தவர், ஆறு பேரும் எழவு வீட்டில்போல உட்கார்ந்திருப்பதைப் பார்த்து உள்ளே வந்தார். விஷயத்தைக் கேட்டார். அவர் மோட்டார் கட்டியவரில்லை. ஆனால் மின்சாரம் ஓடும் கம்பிச்சுருள் காந்தமாகும் என்று வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதுகிறவர்.

"இருங்க," என்று சொல்லிவிட்டுப் போய், ஆய்வகத்திலிருந்து பாட்டரியும் காந்த ஊசியும் எடுத்து வந்தார். காயிலுக்குப் பாட்டரியிலிருந்து மின்சாரம் கொடுத்து, ஊசியை மோட்டார்க் கூட்டுக்குள் ஒவ்வொரு காயிலாகக் காட்டிக்கொண்டே வந்தார். முதல் காயிலில் ஊசியின் வடமுனை இவரைப் பார்த்தது. இரண்டாவதிலும் அதே முனை. மூன்றிலும் நான்கிலும் அதே.

"நாலும் ஒரே முனையா இருக்குதே," என்றார் சந்திரகலா. "வடக்குக்குப் பக்கத்துல தெற்கு வரணுமே டீச்சர். ஒண்ணு இழுக்கணும், அடுத்தது தள்ளணும். அப்பதான சுத்தும்? எல்லாம் ஒரே பக்கமா சுத்தியிருக்கீங்களா?"

"வலமாத்தான் டீச்சர்," என்றாள் வேதா பெருமையாக.

"அதான் தப்பு. ஒண்ணு வலம்னா அடுத்தது இடம் வரணும்."

வேதாவின் முகம் விழுந்துவிட்டது. தவறு தன் வாயால் வந்தது என்பது ஒரு பக்கம். அதைவிட, இடமாகச் சுற்று என்று ஒரு டீச்சரே சொல்கிறாரே என்பது. "அது எப்படி டீச்சர்? இடமா சுத்தறது சாவு வீட்டுலதான..."

ரஹமத்துன்னிசா டீச்சர் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார்.

"எங்க அத்தா, அதான் எங்கப்பா, கப்பல்ல ஹஜ்ஜுக்குப் போய் வந்தாரு, தெரியுமா? அங்க மக்காவுல காபாவச் சுத்தும்போது அது இடப்பக்கம் இருக்கணும். லட்சம் பேரும் அப்படித்தான் சுத்தறாங்க. அத்தா திரும்பி வந்து சொன்னப்ப நான்கூட சிரிச்சேன். என்னா அத்தா, நம்ம ஊருல எல்லாரும் அந்தப் பக்கம் போறாங்க, நீங்க இந்தப் பக்கம் போயிட்டு வந்திருக்கீங்களேன்னு. அவரு சொன்னாரு, மரியாத மனசுல இருக்குதும்மா, எந்தப் பக்கம்கறதுல என்னா இருக்குதுன்னாரு."

வேதா மோட்டார்க் கூட்டுக்குள் விரலை விட்டு ஒவ்வொரு காயிலாகத் தொட்டாள்.

"அப்போ ஒண்ணு எங்க வலம், அடுத்தது உங்க வலம்."

"ஆமா. எங்க வலம் பாதி, உங்க வலம் பாதி. அப்பத்தான் இட்லி வேகும்."

வாசலில் நின்ற இருசப்பன், "எந்தப் பக்கம் சுத்தினாலும் சரி தாயி, நாளான்னிக்கு மாவு அரையணும்," என்றார்.

நான்கு காயிலை அவிழ்த்துச் சுற்ற நேரம் கிடையாது. சந்திரகலா அதற்கும் வழி சொன்னார். கம்பியை அவிழ்க்க வேண்டாம். ஒன்றுவிட்டு ஒரு காயிலின் இரண்டு முனைகளையும் இடம் மாற்றிச் சேர்த்தால், மின்சாரம் அதில் எதிர்ப்பக்கமாக ஓடும். சுற்றியதை மாற்றிச் சுற்றியதற்குச் சமம். வெட்டினார்கள், முனையைச் சுரண்டினார்கள், மாற்றி முறுக்கி ஈயம் வைத்தார்கள். இணைப்புகளைக் கட்டக் கடையில் விற்கும் நாடா இல்லை. டீச்சர் எழுந்து போய்த் தறியிலிருந்து நூலை அறுத்து வந்தார். அறுந்த இழையைத் தறியில் சேர்ப்பதற்கு ஒரு சின்ன முடிச்சு உண்டு. இழுக்க இழுக்க இறுகும். தன் நெசவு வகுப்பில் அந்த ஐந்து பெண்களுக்கும் உருப்படியாக வந்தது அது ஒன்றுதான் என்று டீச்சர் சொல்வார். எல்லா இணைப்புகளையும் அந்த முடிச்சால் கட்டினார்கள்.

சாயங்காலம் ஐந்தரைக்கு சுவிட்சைப் போட்டார்கள். மோட்டார் யாரும் தட்டிவிடாமல் தானே கிளம்பி, பறந்தது. வேதா கத்திய கத்தலில் கோபுரத்துப் புறாக்கள் எல்லாம் எழுந்து மலையை ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்து உட்கார்ந்தன. சரி, மலையைச் சுற்றவில்லை. கூரைமேல் இருந்த இரண்டு காக்கை பறந்தன.

மறுநாள் காலை மக்பூல் பதறிக்கொண்டு பள்ளிக்கு வந்தான். தேடி வந்த பெண் மோட்டார் உறுமுவதாகச் சொன்னதை விடிந்ததும் அஸ்மத் சொல்லியிருந்தாள்.

"ஆபா, ஒண்ணு வுட்டு ஒண்ணு மாத்திச் சுத்தணும்னு சொன்னேனா இல்லியா?"

"எங்க சொன்ன? இதே மாதிரி மீதி மூணுன்னு சொல்லிட்டு ஓடுன."

மக்பூல் தலையில் அடித்துக்கொண்டான். மோட்டாரை ஒருமுறை ஓடவிட்டுக் காதை வைத்துக் கேட்டான். எதையும் தொடவில்லை. "நல்லா பேசுது ஆபா," என்று சொல்லிவிட்டு, கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலைத் தாண்டும்போது, ராமகிருஷ்ணனின் ஜீப் உள்ளே திரும்பியது.

ராமகிருஷ்ணன் அந்தப் பையைப் பார்த்தார். ஆளையும் பார்த்தார். நேரே நெசவு அறைக்கு வந்தார். மோட்டார் ஓடியது. வேதா ஓட்டினாள், நிறுத்தினாள், மறுபடி ஓட்டினாள். அதிகாரி தலையாட்டவில்லை.

"இப்போ வெளியே போனது யாரும்மா?"

"செங்கம் ரோட்டுல மோட்டார் கடை வெச்சிருக்கறவர் சார்," என்றார் சந்திரம்மாள். "சும்மா பாக்க வந்தாரு."

"சும்மா?"

"ஆமா சார். கட்டினது பூரா எங்க டீச்சரும் புள்ளைங்களும்தான். ஒரே தடவைல கட்டினாங்க. ஒரு தப்பு கெடையாது. சுவிட்சு போட்டதும் ஓடிச்சு." நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். தன் பள்ளிக்காக அவர் அண்ணாமலையையே அரை அடி உயர்த்திச் சொல்லக்கூடியவர்.

ராமகிருஷ்ணன் பேனாவை மூடிப் பையில் வைத்தார். "அம்மா, பத்து வருஷம் தொழில் செஞ்சவனுக்கே மொதல் தடவைல ஓடாது. நூல் நூத்தவங்க ஒரே தடவைல ஓட்டிட்டாங்கன்னு நான் எழுதினா, என்னை எவன் மதிப்பான்? கடைல கட்டிக் கொண்டாந்தோம்னு சொல்லிடுங்க. முடிஞ்சுபோச்சு."

ரஹமத்துன்னிசா டீச்சர் தலைமையாசிரியையைப் பார்த்தார். ஒரே தடவையில் ஓடவில்லை என்று உண்மையைச் சொன்னால் தலைமையாசிரியை பொய் சொன்னதாக ஆகும். கடையில் கட்டியது என்று ஒப்புக்கொண்டால் ஆம்பூர். பலகையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஒரே தடவைல ஓடல சார்," என்றாள் வேதா.

சந்திரம்மாள் அவளை முறைத்தார்.

"நேத்து ஓடவே இல்ல சார். உறுமிச்சு. நாங்க எட்டு காயிலையும் வலமாவே சுத்திட்டோம். டீச்சர் இடமா ஆரம்பிச்சாங்க, நான்தான் கூடாதுன்னு கத்தி அவிழ்க்க வெச்சேன். அப்பறம் முனைய வெட்டி மாத்திச் சேத்தோம். தொறந்து பாருங்க, வெட்டினது தெரியும்."

ராமகிருஷ்ணன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். பிறகு ஸ்குரூ டிரைவர் கேட்டு வாங்கி, மூடியைக் கழற்றிக் குனிந்தார். ஒன்றுவிட்டு ஒரு காயிலில் வெட்டி மாற்றிய முனைகள், ஒவ்வொன்றின் மேலும் வெள்ளைத் தறிநூல், பொடி முடிச்சு. ஒன்றை விரலால் இழுத்துப் பார்த்தார். அது இறுகியது.

"எட்டையும் வலமாவா?" என்றார்.

"ஆமா சார்."

"எந்தக் கடைக்காரனுக்கும் இந்தத் தப்பு வராதும்மா," என்று சொல்லிவிட்டு அவர் சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு அடங்க நேரமாயிற்று. மூன்று பேனாவில் நல்லதைத் தேர்ந்தெடுத்து, மோட்டார்ப் பலகையின் ஓரத்திலேயே தாளை வைத்து எழுதினார். பிரிவை அனுமதிக்கலாம், இதே ஆசிரியையைப் பயிற்சிக்கு அனுப்பி, இதே பள்ளியில் வைத்துக்கொள்ளலாம்.

அந்தத் தாளின் பலன் பிறகு வந்தது. ஜூனில் தறிகள் போயின. அறையில் ஆறு பலகை வந்தது. எண்பத்தொன்றில் முதல் ஐந்து பெண்கள் தேறி வெளியே வந்தார்கள். எண்பத்தாறில் வேதா பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் தன் பெயரிலேயே கடை போட்டாள். மக்பூல் கையில் தீராத வேலையை அவளிடம் அனுப்புவான். எண்பத்தெட்டில் அந்தப் பள்ளிக்குப் பெட்டி மாதிரி ஒரு கம்ப்யூட்டர் வந்தபோது, அதையும் கற்றுக்கொள்ள முதல் ஆளாகப் பெயர் கொடுத்தவர் ரஹமத்துன்னிசா டீச்சர். அய்யூப்பின் குடைக்கடை சின்னக்கடைத் தெருவிலேயே இருந்தது. ஆம்பூருக்கு டீச்சர் போனது ஒரே ஒரு கல்யாணத்துக்குத்தான். பிரியாணி நன்றாக இருந்ததாம்.

ஆனால் அந்தச் செவ்வாய்க்கிழமை இதெல்லாம் யாருக்கும் தெரியாது. ராமகிருஷ்ணன் எழுதியதை உரக்கப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தார். "பழுது ஏற்பட்டபோது, ஆசிரியை தாமே அதைக் கண்டுபிடித்துத் தாமே சரிசெய்தார்."

"தாமே இல்லீங்க சார்," என்றார் டீச்சர்.

"என்னாம்மா?"

"ஊசி வெச்சுக் கண்டுபிடிச்சது சந்திரகலா டீச்சர். தொழில் சொல்லிக்கொடுத்தது நீங்க வாசல்ல பாத்தீங்களே, அந்த மக்பூல். தாள் மடிக்கக் கத்துக்கொடுத்தது அவன் சம்சாரம் அஸ்மத். மோட்டார் இருசப்பனோடது. நூலு பள்ளிக்கூடத்தோடது. முனைய மாத்தி முடிச்சுப் போட்டது இந்த அஞ்சு பொண்ணுங்க. நான் எண்ணினேன். அவ்வளவுதான் சார்."

"இது ஒரு வரிக்கான இடம்மா. இவ்வளவு பேர எங்க எழுதறது?"

"பொடி எழுத்தா எழுதுங்க சார்," என்றார் டீச்சர்.